ஓடைக்கரையில் நான் துடைத்த வெள்ளைப் புழு

மகன் சவரிமுத்துக்கு, மலைமேல் காப்பித் தோட்டத்திலிருந்து உன் ஆத்தா எழுதுவது. இங்கே யாவரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும். சுகம்தான். மழையையும் மாட்டையும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தையும் பற்றி வழக்கமாக நான் எழுதுகிற எதையும் இன்றைக்கு எழுதப் போவதில்லை. பட்டணத்திலிருந்து நீ போட்ட கடிதம் சனிக்கிழமை வந்தது. அயல்நாட்டு வண்டு இந்தச் சீமையில் பிழைக்காது என்று ரிப்போர்ட் எழுதி வைத்திருப்பதாகவும், மாதக் கடைசியில் அதைச் சர்க்காரிடம் கொடுத்துவிட்டுப் பூச்சி வேலைக்கே ஒரு கும்பிடு போடப் போவதாகவும், ரங்கூனில் அரிசி ஆலையில் குமாஸ்தா வேலை கிடைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்துவிடாதே. உன் வண்டு இங்கே பிழைத்தது. முட்டை வைத்தது, குஞ்சும் பொரித்தது. அந்தக் குஞ்சுகளைக் கொன்றவள் நான்.

உட்கார்ந்து நிதானமாகப் படி. குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் எழுதுகிறேன், கண்டதைச் சொல்லவும் எழுதுகிறேன். இரண்டில் எதில் எனக்கு ஆசை அதிகம் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்டதைச் சொல்வதில்தான். ஒன்றரை மாதமாக வேலை முடிந்து வந்ததும் கஞ்சிகூடக் குடிக்காமல் ஒரு சீசாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். கங்காணியம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கூலி லயத்துப் பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். நீ சின்னப் பிள்ளையில் கம்பளிப் புழுவை என் உப்புச் சட்டியில் வளர்த்தாயே, அதற்காக உன்னை விறகுக் குச்சியால் அடித்தேன். அந்தக் குணம் உன் அய்யா வழியில் வந்தது என்று இத்தனை நாள் அந்த மனுஷன் மேலேயே பழி போட்டுவந்தேன். இப்போது பார்த்தால் என் வழியில்தான் வந்திருக்கிறது போல.

பச்சைப் பூச்சி வந்த வருஷம் உனக்கு மறந்திருக்காது. இலையின் அடியில் நரம்பை ஒட்டி, எள்ளளவு, பச்சையாய்ச் சப்பையாய் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சியது. அது ஒழுகவிட்ட இனிப்புத் தண்ணீரில் கரி பிடித்து, தோட்டம் முழுவதும் அடுப்படிச் சுவர் போலக் கறுத்தது. காய் சுருங்கி உதிர்ந்தது. பக்கத்து மலையில் இரண்டு தோட்டங்களை அப்படியே காட்டுக்கு விட்டுவிட்டுத் துரைமார் போய்விட்டார்கள். உன் அய்யா வாந்திபேதியில் போன பிறகு பெண்கள் கூட்டத்துக்கு என்னைக் கங்காணியாக வைத்த நம் துரை, எனக்குச் சொன்ன வேலை ஒன்றே ஒன்றுதான். தேங்காய் நாரைப் புகையிலைத் தண்ணீரிலும் சவுக்காரத்திலும் முக்கி, ஒவ்வொரு இலையாகப் புரட்டி, ஒட்டியிருப்பது எதுவானாலும் துடைத்துத் தள்ள வேண்டும். எதுவானாலும் என்பதை நன்றாக மனதில் வைத்துக்கொள். எட்டு வருஷம் இருபது பெண்களும் நானும் அதைத்தான் செய்தோம். கையில் புகையிலை நாற்றம் போகவே போகாது. நற்கருணை வாங்கப் போகும்போதுகூட அந்த நாற்றத்தோடுதான் போவேன்.

அப்போதுதான் நீ பட்டணத்திலிருந்து அயல்நாட்டு வண்டுகள் அடைத்த மரப்பெட்டிகளோடு வந்து சேர்ந்தாய். கப்பலில் வந்த பெட்டிகளை அம்மையநாயக்கனூர் ரயிலடியில் இறக்கி, மாட்டுவண்டியில் கம்பம் வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டு, மெட்டு மலைப் பாதையில் கூலியாளை நம்பாமல் நீயே தலையில் சுமந்து ஏறினாய். திறந்தபோது முக்கால்வாசி செத்துக் கிடந்தன. உயிரோடு இருந்தவை இருபத்தேழு. கறுத்த முதுகு, தலையும் வால்நுனியும் கமலாப்பழ நிறம். நம் ஊர்ப் பொறிவண்டில் பாதிதான் இருக்கும். இதற்குப் போயா இவ்வளவு பாடு என்று எனக்குத் தோன்றியது. நாம் பேசிக்கொண்டது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"ஆத்தா, இது ஒருக்கா ஊனிக்கிருச்சுன்னா போதும். புகையிலையும் வேணாம், நாரும் வேணாம். பச்சப் பூச்சியத் தின்னுக்கிட்டே பெருகிரும்."

"பச்சப் பூச்சி தீந்து போச்சுன்னா? அப்புறம் காப்பிக் காயத் திங்க ஆரம்பிச்சுச்சுன்னா?"

"திங்காது ஆத்தா."

"ஒனக்கு எப்படிறா தெரியும்?"

"புஸ்தகத்துல போட்டுருக்கு."

அந்தப் புஸ்தகத்தைத் துரைக்கும் காட்டினாய், எனக்கும் காட்டினாய். அதில் இருந்தது வளர்ந்த வண்டின் படம் ஒன்றுதான். குஞ்சு எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் இதே தப்பை நான் முன்பும் ஒரு தடவை செய்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். காமயகவுண்டன்பட்டியில் நம் கிணற்றடி மாமரம் காய்க்கத் தொடங்கிய காலம். உன் அய்யா எங்கிருந்தோ முசுறு எறும்புக் கூடு ஒன்றை இலையும் கொப்புமாக வெட்டிக் கொண்டுவந்து மரத்தில் கட்டினார். மலையாளத்து ஆட்கள் இப்படிச் செய்வார்கள், முசுறு இருக்கிற மரத்தில் வேறு பூச்சி தங்காது என்றார். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. ஒருநாள் மரத்தடியில் உன்னை விட்டுவிட்டுத் தண்ணீர் இறைத்தேன். உன் தொடை முழுக்கக் கடித்து வீங்க வைத்துவிட்டன. எனக்கு வந்த ஆத்திரத்தில் வைக்கோல் பந்தம் கட்டிக் கூடு முழுவதையும் பொசுக்கினேன். உன் அய்யா வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. "கூலி வாங்காத ஆளுகளப் பூராம் வெரட்டிட்டியே" என்று மட்டும் சொன்னார். அந்த வருஷம் பூவெல்லாம் பூச்சி அரித்துக் கொட்டியது; ஊறுகாய்க்குக்கூட மாவடு இல்லை. பிள்ளைக்கு ஒரு கெடுதல் என்றால் எனக்குக் கண் தெரியாது. கை மட்டும்தான் வேலை செய்யும்.

இனி ஓடைக்கரைக்கு வருகிறேன். நீ சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்த நாற்பது செடிகளில் வண்டுகளை விட்டாய். துணி கட்டின செடிகளைத் தொடக்கூடாது என்று துரையிடம் சொல்லி, துரை எங்களிடம் சொன்னார். பத்து நாளில் உனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. டோலியில் வைத்துப் பெரியகுளம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம். நீ அங்கே பிதற்றிக்கொண்டு கிடந்த மூன்றாவது வாரத்தில் துரை என்னைக் கூப்பிட்டார். மற்ற மலைகளிலிருந்து ஐந்து துரைமார் வருகிறார்கள், சர்க்கார் அனுப்பிய பெரிய மனிதர் ஒருவரும் வருகிறார், வண்டு பிழைத்திருக்கிறதா என்று பார்த்து, மேற்கொண்டு இந்த முயற்சிக்குச் சர்க்கார் கைகொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கப் போகிறார்கள் என்று சொன்னார். உன் பெயர் அதில் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. முதல் நாள் சாயங்காலம் பேச்சியை அழைத்துக்கொண்டு ஓடைக்கரைக்குப் போனேன். பேச்சி என்றால் உனக்கு நினைவிருக்கும், என் கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்கிறவள், மேலச் சீமையிலிருந்து கூலிக்கு வந்தவள், கண் பருந்துக் கண்.

உன் வண்டு ஒன்றுகூட எங்கள் பார்வையில் படவில்லை. அதற்குப் பதிலாகக் காய்க்கொத்துகளில் வெள்ளையாய், பஞ்சைப் பிய்த்து ஒட்டினது போல, ஏதோ அப்பிக்கிடந்தது. நம் பழைய மாவுப்பூச்சி அந்த நிழல் செடிகளில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். இது அதைப் போலவே இருந்தது, ஆனால் இரண்டு மூன்று மடங்கு பெரியது. உடம்பெல்லாம் நீள நீளமாக வெள்ளை இழை. நான் நினைத்தது இதுதான்: கப்பல் பெட்டியில் வண்டோடு வேறொரு சீக்கும் வந்துவிட்டது. பச்சைப் பூச்சி போதாதென்று என் மகன் புதுசாக ஒன்றைக் கொண்டுவந்து மலையில் விட்டுவிட்டான். நாளைக்கு ஆறு துரைமார் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

"யக்கா, இது ஓடுது பாருங்க" என்றாள் பேச்சி. "மாவுப்பூச்சி எங்கனயாச்சும் ஓடுமா?"

"ஓடுனா ஓடட்டும். நார எடு."

"இல்லக்கா, வண்டு விட்ட எடத்துல மட்டுந்தான் கெடக்கு. அங்கன மேட்டுல ஒண்ணுகூட இல்ல."

"அதனாலதான்டி சொல்றேன். எம்மகன் பெட்டியில வந்த சீக்குன்னு நாளைக்குச் சொல்லுவாக. பொழுது சாயங்குள்ள ஒரு கொத்து பாக்கி இல்லாமத் தொடச்சாகணும்."

இன்னும் ஆறு பெண்களைக் கூப்பிட்டேன். நாற்பது செடியையும் துடைத்தோம். விருந்தாளி வருகிற வேளையில் பிள்ளையின் மூக்கைத் துடைத்து விடுகிறோமே, அந்த நினைப்பில்தான் செய்தேன். அவ்வளவு பிரியமாக வேறெந்த வேலையும் நான் செய்ததில்லை. துடைத்த தண்ணீரைக் குழி வெட்டி ஊற்றி மூடினோம். வெளியே மூச்சு விடக்கூடாது என்று பெண்களிடம் சத்தியம் வாங்கினேன். மறுநாள் துரைமார் வந்தார்கள். இலைகளைப் புரட்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். புழு ஏதாவது கண்ணில் பட்டதா என்று துரை என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பெரிய மனிதர் தன் சின்னப் புஸ்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். செடிகள் சுத்தமாக இருப்பதாக ஒரு துரை மெச்சினதாகக்கூடச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, சவரி. அதையும் மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து, நேரே ஓடைக்கரைக்குப் போய் மண்டியிட்டு ஒவ்வொரு இலையாகப் பார்த்தாய். நம் பொறிவண்டின் புழு கறுப்பாக இருப்பதால் நீயும் கறுப்புப் புழுவைத்தான் தேடியதாகப் பின்னால் சொன்னாய். அன்றைக்கு என்னைப் பார்த்து, "ஆத்தா, நான் இல்லாதப்ப புதுசா ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாய். "ஒண்ணும் வரலப்பா" என்றேன். துரையிடம் சொன்னது பயத்தில் சொன்ன பொய். உன்னிடம் சொன்னது, உன் பெட்டியில் சீக்கு வந்தது என்று தெரிந்தால் உன் மனம் உடைந்துவிடுமே என்று சொன்ன பொய். இரண்டாவதுதான் பெரிய பொய். பட்டணத்துக்குப் போகிற அன்றைக்குப் பெட்டியில் செத்துக் கிடந்த வண்டுகளை ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாய். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

நீ போன பின்பு, போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சி வந்தாள். "யக்கா, நம்ம தொடச்சது திரும்பி வந்துருச்சு" என்றாள். லயத்துக்குப் பின்னால் இருக்கிற கொய்யா மரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மாவுப்பூச்சி அப்பிய கொப்பு ஒன்றில் அதே வெள்ளை இழைப் புழுக்கள் ஏழெட்டு இருந்தன. என் கை தானாக நாரைத் தேடியது. ஆனால் அன்றைக்குத் துரையும் வரவில்லை, என் மகனும் அங்கே இல்லை. பயப்பட ஆள் இல்லை. பயம் இல்லாத இடத்தில்தான் கண் திறக்கும் போலிருக்கிறது. முதல் தடவையாக நின்று பார்த்தேன். பேச்சி சொன்னது சரி. அது ஓடியது. ஒரு மாவுப்பூச்சிக் கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு, சந்தைக்குப் போகிறவள் போல விறுவிறுவென்று போனது. ஓடுகிறதென்றால் எதையோ தேடுகிறது. சாறு குடிக்கிற பூச்சிக்குத் தேட என்ன இருக்கிறது, இலை அதன் வாய்க்கடியிலேயே இருக்கிறதே?

துரை வீட்டுச் சமையல்காரன் எறிந்த ஜாம் சீசா ஒன்று என்னிடம் இருந்தது. மாவுப்பூச்சிக் கொப்போடு இரண்டு புழுக்களை அதில் போட்டு, வாயில் மல் துணி கட்டினேன். ஈரவிரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வெள்ளை இழை மாவாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே இருந்தது மாவுப்பூச்சியே இல்லை. சாம்பல் பூத்த மஞ்சள் உடம்பு, ஆறு கால், முன்னால் ஒரு கொடுவாய். வெள்ளையெல்லாம் மேலே போட்ட உடுப்பு. இரண்டு நாளில் அந்த உடுப்பை மறுபடி நெய்து போர்த்திக்கொண்டது. மாவுப்பூச்சி முட்டை வைத்திருக்கிற பஞ்சுப் பொதிக்குள் தலையை நுழைத்தது, பொதி அசைந்தது, கொஞ்ச நேரத்தில் வெறும் தோல்தான் கிடந்தது. காலையில் போட்ட கொப்பு மறுநாள் காலையில் காலி. இது பூச்சியைத் தின்கிற பூச்சி, சவரி. நாங்கள் எட்டு வருஷமாகக் கையால் செய்ததை இது வாயால் செய்கிறது. இதைப் போய் ஏன் தின்பண்டத்தின் வேஷத்தில் கடவுள் படைத்தார் என்று எனக்கு ஒரே யோசனை. ஓநாய் ஆட்டுத்தோலைப் போர்த்தியதாகச் சுவாமியார் பிரசங்கத்தில் சொல்வார். இது நல்ல ஓநாயா, கெட்ட ஓநாயா?

இரண்டு வாரத்தில் இரண்டும் துணி மடிப்பில் தொங்கி அசையாமல் போய்விட்டன. செத்துவிட்டன என்று கொட்டப் போனேன். பேச்சிதான் தடுத்தாள். இன்னும் எட்டு நாள் கழித்து ஒரு மத்தியானம், கூழ் குடித்துக்கொண்டிருந்தபோது பார்க்கிறேன், சீசாவுக்குள் வெளிறிய நிறத்தில் ஒரு வண்டு ஈர இறக்கையோடு நிற்கிறது. நான் பார்க்கப் பார்க்க முதுகு கறுத்தது. தலை கமலாப்பழ நிறமாகவே இருந்தது. வால்நுனியும் அப்படித்தான். கையில் இருந்த கிண்ணத்தை நழுவவிட்டேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். என் மகன் கொண்டுவந்த வண்டு உயிரோடு இருக்கிறது என்று பேச்சியைக் கட்டிக்கொண்டேன். அப்புறம்தான் ஓடைக்கரை நினைவுக்கு வந்தது. நாங்கள் குழியில் ஊற்றியது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்த மறுநாள் வேலையைத் தொடங்கினேன், ஏனென்றால் வெறுமனே அழுது உனக்கு எழுதினால் நீ பரிதாபப்படுவாய், நம்ப மாட்டாய். கொய்யாவில் கறுப்பு எறும்புகள் மாவுப்பூச்சியை மாடு மேய்ப்பது போல மேய்க்கின்றன, அதன் இனிப்புத் தண்ணீருக்காக. வளர்ந்த வண்டை அங்கே விட்டேன். எறும்புகள் காலைப் பிடித்து இழுத்துத் துரத்தின. வெள்ளைப் புழுவை விட்டேன். எறும்பு வந்தது, மீசையால் தடவிப் பார்த்தது, தன் மந்தையில் ஒன்று என்று நினைத்து நகர்ந்துவிட்டது. உடுப்பின் காரணம் எனக்கு அப்போது விளங்கியது. எறும்பை ஏமாற்றப் போட்ட வேஷத்தில் நானும் ஏமாந்திருக்கிறேன். அடுத்து, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையில் சாம்பலையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசினேன். எறும்பு ஏறுவது நின்றது. அந்த மரத்தில் இப்போது வளர்ந்த வண்டுகளும் தங்குகின்றன. இதை எழுதிக்கொள்.

இன்னொன்றும் இருக்கிறது, அது உனக்குப் பிடிக்காது. பச்சைப் பூச்சி நிறைந்த காப்பி இலையைப் புழுவுக்கும் கொடுத்தேன், வண்டுக்கும் கொடுத்தேன். ஒன்றிரண்டைத் தின்றுவிட்டுச் சீசா முழுவதும் அலைந்தன, பத்தியச் சாப்பாட்டுக்கு முகம் சுளிக்கிற நோயாளி போல. மாவுப்பூச்சியைப் போட்டதும் அடங்கின. மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியேதான். யோசித்துப் பார்த்தால் ஓடைக்கரையிலும் அவை காய்க்கொத்தில் மாவுப்பூச்சி இருந்த செடிகளில்தான் இருந்தன. எந்தப் பகையை அழிக்க நீ அதைக் கூட்டிவந்தாயோ, அந்தப் பகையின் மேல் அதற்கு அவ்வளவு ருசி இல்லை. வேறொரு பகையை அது தானாகவே எடுத்துக்கொண்டது. உன் புஸ்தகம் எழுதியவர் அவர் ஊர் மரத்தில் பார்த்ததை எழுதியிருக்கிறார். நம் மரத்தில் பார்த்ததை யார் எழுதுவது?

மாதம் ஒருமுறை மலையேறி வருகிற சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய் சொன்னேன் என்றேன், என்ன பொய் என்றார், வண்டின் புழுவைப் பற்றி என்றேன். பிறகு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். மனம் ஆறவில்லை. பொய் சொன்னது கடவுளிடம் அல்லவே, உன்னிடமும் துரையிடமும்தானே. பேச்சியையும் அந்த ஆறு பெண்களையும் உட்காரவைத்து, உண்மையைச் சொன்னால் வேலை போகலாம், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பேச்சி மட்டும், "நீங்க சொல்லித்தானக்கா தொடச்சோம். இதையும் நீங்களே சொல்லிருங்க. ஓடுதுன்னு நான் சொன்னதையுஞ் சேத்துச் சொல்லுங்க" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகையால் ரிப்போர்ட்டில் என் பெயர் ஒன்றுதான் வர வேண்டும். ஓடுவதை முதலில் பார்த்தவள் என்று மட்டும் பேச்சியின் பெயரை எழுது.

உன் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லாமல் விட்டால் நான் உன் ஆத்தா இல்லை. கப்பல் தலைவனிடம் சொன்னாய், ரயிலடி அதிகாரியிடம் சொன்னாய், துரையிடம் மேஜையில் படம் விரித்துச் சொன்னாய். இந்தத் தோட்டத்தின் ஒவ்வொரு இலையையும் புரட்டுகிற இருபது பெண்களிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று நினைத்தாய். கூலிக்கார ஆத்தாவுக்கு இது எதற்கு என்று நினைத்தாயோ என்னவோ. நினைத்திருக்க மாட்டாய், ஆனால் எனக்கு அப்படித் தோன்றிய நாட்களும் உண்டு. சர்க்கார் ஊர் ஊராக வண்டு விடுவது நல்ல காரியம்தான். விடட்டும், ஒரு தடவை தவறினால் மறு தடவையும் விடட்டும், பெரியாற்றுத் தண்ணீரைக் குகை குடைந்து இந்தப் பக்கம் கொண்டுவர எத்தனை தடவை அணை உடைந்து மறுபடி கட்டினார்கள் என்பதை நாம் பார்க்கவில்லையா. ஆனால் பெட்டி வருவதற்கு முன்னால் ஒரு ஆள் வரட்டும். வண்டின் படத்தோடு அதன் பிள்ளையின் படத்தையும் கொண்டுவரட்டும். நார் பிடிக்கிற கைக்கு முன்னால் அதை விரித்துக் காட்டி, நம் பேச்சில் சொல்லட்டும்: இதைக் கண்டால் விட்டுவிடுங்கள். இந்த ஒரு வரியை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியதில்லை.

ஆகவே உன் ரிப்போர்ட்டில் இதை எழுது. வண்டு பிழைத்தது. முட்டை வைத்தது. ஓடைக்கரையில் இருந்த அதன் புழுக்களை உன் ஆத்தா ஆள் வைத்துத் துடைத்துக் கொன்றாள், கேட்டபோது பொய்யும் சொன்னாள். தப்பியவை கொய்யா மரத்தில் பெருகியிருக்கின்றன. மாவுப்பூச்சியை நன்றாகத் தின்கின்றன, பச்சைப் பூச்சியை அரைமனதாகத்தான் தின்கின்றன. பச்சைப் பூச்சிக்கு வேறு வண்டு தேட வேண்டும். தேடுகிறவன் யார் என்பதை நீதான் சொல்ல வேண்டும். பெற்றவள் இப்படி எழுதச் சொல்கிறாள் என்று உனக்குக் கை கூசும். கூசட்டும், எழுது.

நம் கடிதங்கள் துரை பங்களாவின் தபால் பையில்தான் கம்பத்துக்கு இறங்குகின்றன என்பது உனக்குத் தெரியும். இந்த உறைக்கு நான் பசை போடவில்லை. இப்போது இதை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போகிறேன். சீசாவைத் துரையின் மேஜைமேல் வைத்துவிட்டு, பையில் போடுவதற்கு முன்னால் கணக்கெழுதும் ரைட்டரை விட்டு இதை முழுவதும் படிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்று சொல்லப் போகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் அங்கேயே நிற்பேன். கங்காணி வேலை போனால் போகிறது. இந்த ஐம்பது வயதில் களை பறிக்க எனக்குக் கை இருக்கிறது. ரங்கூன் போவது உன் இஷ்டம், நான் குறுக்கே விழ மாட்டேன். ஆனால் தோற்றுப் போனோம் என்ற நினைப்போடு கப்பல் ஏறாதே. நீ தோற்கவில்லை ஐயா, உன் ஆத்தா துடைத்துவிட்டாள்.